இரண்டு புத்தாண்டுகள்

ஆண்டின் இறுதி நாள் நெருங்கும்போது பங்கு இல்லத்திலும் கணக்கு முடிக்கும் வேலை வந்து சேர்கிறது. வரவு, செலவு, இருப்பு எனக் கூட்டிப் பார்த்துக் கோடிட்டுக் கையெழுத்திடுகிறோம். மறுநாள் புதிய பேரேட்டின் முதற் பக்கத்தில் சிலுவைக் குறியிட்டுத் தொடங்குகிறோம். வணிகம் செய்யும் பங்கு மக்களுள் சிலர் தம் புதிய கணக்கேட்டை மந்திரிப்பதற்காக எடுத்து வருவதும் உண்டு. அவ்வேட்டின்மீது கையை நீட்டிச் செபிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு: இதில் எழுதப்படாமல் விடப்படப் போகும் கணக்கு எது?

இக்கேள்வியோடு ஆண்டைத் தொடங்கிய ஆலை முதலாளி ஒருவரின் வரலாறு எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர் இராபர்ட் ஓவன். வேல்சு நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில் 1771இல் பிறந்தவர். துணிக்கடைச் சிறுவனாகத் தொழில் பழகியவர். இருபது வயதளவில் மான்செஸ்டரில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் உழைத்த நூற்பாலை ஒன்றின் மேலாளரானவர். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் அருவிகளுக்கருகே, நியூ லானார்க்கு என்னுமிடத்தில், டேவிட் டேல் என்பவர் 1780களில் ஒரு நூற்பாலையை நிறுவியிருந்தார். ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் அதனை 60,000 பவுனுக்கு விலை பேசினர். 1799இல் டேலின் மகள் கரோலினை மணந்த ஓவன், 1800ஆம் ஆண்டு சனவரி முதல் நாளையொட்டி அந்த ஆலையின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

ஏறத்தாழ இரண்டாயிரம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. அவர்களுள் ஐந்நூறு பேரளவில் சிறுவர், சிறுமியர். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். டேல் கல் நெஞ்சர் அல்லர். அக்குழந்தைகளுக்கு உணவும் உடையும் படுக்கையும் பள்ளியும் கொடுத்தவர். ஆயினும் விடியற்காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை ஆலையில் நின்ற குழந்தை, அதற்குப் பின் பள்ளியில் என்ன கற்கும்? நல்லெண்ணம் இருந்தது; ஆனால் ஆலையின் நேரக்கணக்கை அது தொடவில்லை.

ஓவன் தொட்டார். ஏழைக் குழந்தைகளை விடுதிகளிலிருந்து வரவழைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று விதித்தார். ஊர்க் கடையில் தரமான பண்டங்களை அடக்கவிலையைச் சற்றே மிஞ்சிய விலைக்கு விற்கச் செய்தார். எனினும் தொழிலாளர் அவரை உடனே நம்பிவிடவில்லை. வெளியூரிலிருந்து வந்த முதலாளி, தங்களிடம் இன்னும் அதிகமாக வேலை வாங்கவே இவற்றைச் செய்கிறார் என்று ஐயுற்றனர். அந்த ஐயத்தைச் சொற்களால் போக்க முடியவில்லை.

போக்கியது ஒரு நெருக்கடி. அமெரிக்கா ஏற்றுமதியைத் தடை செய்ததால் பருத்தி விலை ஏறியது. பல ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பின. ஓவன் இயந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்துப் பேணும் வேலை மட்டுமே இருந்த நான்கு மாதங்களுக்கும் முழுக் கூலி கொடுத்தார். அதற்கு ஆன செலவு ஏழாயிரம் பவுனுக்கு மேல். அன்றுதான் நியூ லானார்க்கு மக்கள் அவரை நம்பத் தொடங்கினர். ஒருவர் தம் கொள்கை இதுவெனப் பறைசாற்றுவது எளிது; அக்கொள்கை தம் பேரேட்டில் செலவுப் பக்கம் ஏறும்போதுதான் பிறர் அதைப் படிக்கிறார்கள்.

கூட்டாளிகளும் படித்தார்கள், ஆனால் முகம் சுளித்தார்கள். பள்ளிக்கும் நலப்பணிகளுக்கும் இவ்வளவு பணமா என்றனர். 1813ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை ஏலத்துக்கு வந்தது. ஓவன் புதிய கூட்டாளிகளைத் தேடிக்கொண்டு, 1,14,100 பவுனுக்கு அதனை மீட்டார். சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தமும் குவேக்கர் சபையைச் சார்ந்த வில்லியம் ஆலனும் அப்புதியவருள் இருந்தனர். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து மட்டுமே ஆதாயம். எஞ்சியது மக்களின் கல்விக்கும் நலனுக்கும் என்பது அவர்களின் உடன்பாடு. செய்தி வந்ததும் நியூ லானார்க்கின் சாளரங்களில் மக்கள் விளக்கேற்றி வைத்தனர் எனப் படிக்கிறோம்.

இனி, இரண்டாவது புத்தாண்டு. 1816ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஓவன் ஊர் மக்களைத் திரட்டி, தாம் கட்டிய 'நற்பண்பு உருவாக்க நிலையத்தை'த் திறந்து வைத்து நீண்டதோர் உரை நிகழ்த்தினார். நடை பயின்ற குழந்தைகள் முதற்கொண்டு அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அடிக்கக் கூடாது, கடிந்து பேசக் கூடாது என்பது ஆசிரியர்களுக்கு இடப்பட்ட முதல் கட்டளை. பாட்டும் நடனமும் நாட்டுப்படங்களும் பாடமாயின. மாலையில் அதே கூடம் பெரியோருக்குத் திறந்தது. வேலை நேரமும் பத்தே முக்கால் மணியாகக் குறைக்கப்பட்டது. முதல் புத்தாண்டில் எண்ணியதை நிறைவேற்ற அவருக்குப் பதினாறு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை இங்கே மறவாதிருப்போம். புத்தாண்டு வாக்குறுதிகள் பொங்கலுக்கு முன்பே மறந்துபோவது நாம் அறிந்ததே.

ஆயினும் புகழ்மாலை சூட்டுவதோடு வரலாற்றை முடித்துவிடலாகாது. ஓவனின் ஆலையில் ஒவ்வொருவர் அருகிலும் நாற்பக்க மரக்கட்டை ஒன்று தொங்கியது. கருப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்கள். முந்தைய நாள் அவர் வேலை செய்த விதத்தை முன்பக்கத்து நிறம் எல்லாருக்கும் அறிவித்தது. பிரம்படிக்கு இது மேல்தான். ஆனாலும் நாள்தோறும் பிறர் கண்முன் நிறம் குறிக்கப்பட்டு நிற்பது மனிதருக்கு எளிதன்று. தொழிலாளருக்கு எது நல்லது என்பதை ஓவன் தாமே முடிவு செய்தார். அவர்களிடம் கேட்டு முடிவு செய்யவில்லை. சூழ்நிலையே மனிதரின் பண்பை உருவாக்குகிறது என்பது அவரது கோட்பாடு. மனிதரின் உள்ளுரிமைக்கு அதில் இடம் குறைவு.

இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் பிரித்தானிய ஆலைகளில் நூற்கப்பட்ட பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. கிளைடு ஆற்றங்கரையில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் அப்பருத்தியைப் பறித்த குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை. நூற்றுக்கு ஐந்து ஆதாயம் என எழுதிய நேர்மையான ஏட்டிலும் அக்கணக்கு ஏறவில்லை.

ஓவன் 1817இல் இலண்டனில் பொதுக்கூட்டம் ஒன்றில் சமயங்கள் அனைத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் சமயக் கல்வி பற்றி ஆலனோடு ஏற்பட்ட பிணக்கு முற்றி, நியூ லானார்க்கை விட்டு விலகினார். அமெரிக்காவில் 1825இல் அவர் தொடங்கிய நியூ ஹார்மனிக் குடியேற்றம் இரண்டே ஆண்டுகளில் சிதைந்தது. அவர் செல்வத்தின் பெரும்பகுதி அதில் கரைந்தது. 1858இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். நியூ லானார்க்கு ஆலை 1968 வரை இயங்கியது. 2001இல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

சமயத்தை மறுத்த ஒருவரை இவ்விதழில் ஏன் பேசுகிறோம் என வாசகர் வினவலாம். உழைப்போரின் நியாயமான கூலி பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலை வெளியிட்டது 1891இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, நம்பிக்கையற்றவர் எனப்பட்ட இம்மனிதர் நின்றுபோன இயந்திரத்தின் முன் முழுக் கூலியை எண்ணிக் கொடுத்தார். இது நம்மைச் சற்றே தலைகுனிய வைக்க வேண்டும்.

நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கணக்கு முடித்தபோது, கோவில்பிள்ளையின் ஊதியத்தை உயர்த்த வேண்டும் என எண்ணினோம். கோபுர வேலைக்குப் பணம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று தள்ளி வைத்தோம். அடுத்த ஆண்டும் கோபுரமே வென்றது. அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. விடியற்காலையில் வழக்கம்போல் மணி அடித்தார். ஓவனின் நான்கு மாதக் கூலியைப் பற்றிப் படித்த இரவில் அம்மணியோசைதான் நம் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு கோபுரம் காத்திருந்தது.

புதிய ஏட்டைத் திறக்கும் அன்பர்களே, ஆதாயம் ஈட்டுங்கள்; அது குற்றமன்று. ஆனால் முதற் பக்கத்தில் குறியிடுமுன், உங்களிடம் வேலை செய்பவருள் ஒருவரை அழைத்து அமரச் செய்து, அவருக்கு என்ன தேவை என்று அவரையே கேளுங்கள். ஓவன் கேட்க மறந்த கேள்வி அது. விடை கிடைத்தபின் ஏட்டைக் கொண்டு வாருங்கள். மகிழ்ச்சியோடு மந்திரித்துத் தருவோம்.