வீடு தேடிவந்த மருத்துவம்: உளப்பிறழ்வுக்கான இல்லப் பராமரிப்பின் வரலாறு

முன்னுரை

இல்லாத குரல்கள் செவியில் ஒலிப்பதும் காரணமற்ற ஐயங்கள் வலுப்பதும் உளப்பிறழ்வின் அறிகுறிகளாகும். பெரும்பாலும் இளம் வயதில் தோன்றும் இந்நோயை முதலில் எதிர்கொள்வது குடும்பமே. ஆகவே, இல்லப் பராமரிப்பு என்பது நோயாளியைக் குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிடுவதா, பயிற்சி பெற்றவர் வீடு தேடி வருவதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்குத் தென்னிந்திய முயற்சிகள் தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்பகமும் குடும்பமும்

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் அமைந்த மனநோய்க் காப்பகம், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பேணியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமோ, உறவினரையும் நோயாளியுடன் தங்கவைத்துப் பராமரிப்பில் பங்கேற்கச் செய்தது. குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக ஏற்றது இதன் சிறப்பு. எனினும், சிகிச்சை நிகழ்ந்த இடம் மருத்துவமனையே.

வீடு தேடிச் சென்ற செவிலியர்

அடுத்த படியைப் பெங்களூரில் காண்கிறோம். ஷைலா பாய், ஆர்.எல். கபூர் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவு நோயாளிகளை இரு குழுக்களாக ஒப்பிட்டது. ஒரு குழுவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மற்றொரு குழுவினரின் வீடுகளுக்குச் செவிலியர் சென்றார். வீட்டில் பராமரிக்கப்பட்டோரிடம் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்தன. குடும்பத்தின் சுமையும் செலவும் குறைந்தன.

இத்தகைய உதவி எட்டாத குடும்பங்களின் நிலையை ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்குள்ள தனியார் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தனர்.

அண்மைச் சான்றுகள்

தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகியவற்றில் 282 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றனர். மருத்துவமனைச் சிகிச்சையுடன் இதுவும் சேர்ந்தபோது நோயாளிகளின் இயலாமை ஓரளவு குறைந்தது. முதன்முறை உளப்பிறழ்வுக்கு ஆளானோரைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஒப்பிட்ட ஆய்வு, சென்னையில் குடும்ப ஈடுபாடு மிகுதி எனக் கண்டது. ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற குறிகளும் சென்னையில் கூடுதலாகத் தணிந்தன.

முடிவுரை

குடும்பத்தின் ஈடுபாடு பெரும் வலிமை. ஆயினும் அது மருத்துவத்திற்கு மாற்றாகாது. பெங்களூரில் பயன் தந்தது வீடு மட்டுமன்று, வீட்டிற்கு வந்த செவிலியரும் ஆவார். பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் உப்பளம் வரையுள்ள கடற்கரையில், நாட்கூலியை நம்பும் குடும்பத்திற்கு மருத்துவமனைப் பயணம் என்பது இருவரின் ஒருநாள் ஊதிய இழப்பு. அத்தகைய வீட்டின் வாயிலுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தவறாது வருவதே இல்லப் பராமரிப்பு என்னும் பெயருக்குப் பொருள் தரும்.