முதல் பீடி எப்போது?

முசரவாக்கத்தில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். பட்டு நெசவுக்காரர். நாற்பது வருஷமாகக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர். ஏறக்குறைய அத்தனை வருஷமாகப் பீடியும் பிடிப்பவர். இருமல் விடாமல் வாட்டவே, ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் பீடிக் கணக்கைக் கேட்டார். கேட்டதும் சீறி விழுந்தார். "சாகறதுன்னு தீர்மானம் பண்ணிட்டா இங்கே எதுக்கு வர்றே?" என்றார். வெளியே வந்ததும் மாமா செய்த முதல் காரியம் ஒரு பீடி பற்றவைத்ததுதான். அவமானத்துக்கும் அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றே.

மருந்து என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. புகையிலை ஐரோப்பாவுக்குள் நுழைந்ததே மருந்து வேஷத்தில்தான். 1560-ல் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர், தலைவலிக்கு நல்லதென்று அதைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். நிக்கோடின் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது. நம் தேசத்தில், பீஜப்பூரிலிருந்து அசத் பேக் கொண்டுவந்த புகைக்குழாயை அக்பர் பாதுஷா இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர்கள் பதறித் தடுத்தார்கள். பாதுஷா நிறுத்திக்கொண்டார்; ஊர் பிடித்துக்கொண்டது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617-ல் தடை உத்தரவே போட்டார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர் 1604-லேயே புகையிலையைத் திட்டிப் புத்தகம் எழுதியாயிற்று. இரண்டு மன்னர்களும் தோற்றார்கள். மாமாவைத் திட்டிய டாக்டர் அந்த வம்சம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

திட்டாமல், கேள்வி கேட்டவர்கள் வந்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோய் பெருகியபோது, ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர் நோயாளிகளை விசாரிக்கச் செய்தார்கள். டாலுக்கு முதலில் சந்தேகம் சிகரெட்டின் மேல் இல்லை. சாலையில் போடும் தாரின் மேலும் மோட்டார்ப் புகையின் மேலும்தான். 1950-ல் முடிவு அச்சேறியது. நோய் கண்ட 649 ஆண்களில் புகை பிடிக்காதவர் இரண்டே பேர்! விசாரணை முடியுமுன்பே டால் தம் சிகரெட்டை விட்டுவிட்டார். அடுத்தபடி அவர்கள் செய்தது இன்னும் சாமர்த்தியம். சுமார் 40,000 டாக்டர்களின் புகைப் பழக்கத்தையே எழுதி வாங்கி, யார் எதில் சாகிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்தார்கள். சக டாக்டர்கள் சாகிற கணக்கைப் பார்த்துத்தான் இங்கிலாந்து டாக்டர்கள் பலர் சிகரெட்டைக் கீழே போட்டார்கள்.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இந்த நோயை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. புகையிலை போடும் பழக்கமுள்ள அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 1968-ல் நியூயார்க் வரை போய்ச் சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3-ல் காலமானார். வயது 59. அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாமா அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

அடுத்த மாதம் கெஞ்சிக் கூத்தாடி வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்னப் பையன். எத்தனை பீடி என்று அவர் கேட்கவில்லை.

"பெரியவரே, காலையிலே எழுந்ததும் முதல் பீடி எப்போ?"

"கண்ணைத் திறந்ததும்தானுங்க."

ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ நிபுணர் 1978-ல் வகுத்த கேள்வி வரிசையில் இது ஒன்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். எண்ணிக்கையில் பொய் சொல்லலாம். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லத் தோன்றாது. விடிந்த அரை மணிக்குள் தேடுகிறவன் ஆழத்தில் இருக்கிறான் என்று பொருள்.

"தறியிலே?"

"தறியிலே ஏதுங்க பீடி? பொறி பட்டா புடைவை போச்சே! கன்னத்திலே கொஞ்சம் புகையிலை ஒதுக்கிக்குவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளும் இதையேதான் செய்தார்களாம். உள்ளே புகைக்கக் கூடாது, ஆகவே மென்றார்கள். 1967-ல் இதைக் கண்டு ஸ்வீடன் விஞ்ஞானிகள் எழுதிய கடிதத்தைப் படித்துத்தான் ஊவே ஃபெர்னோ என்பவர் நிக்கோடின் சூயிங்கம் செய்யப் புறப்பட்டார். புகையிலையை மென்றால் வாயில் புற்று. நிக்கோடினை மட்டும் பிரித்துக் கொடுத்தால் ஏக்கம் தணியும், நஞ்சில் பெரும்பகுதி ஒழியும். அந்தச் சூயிங்கத்தைத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். பீடியையும் கன்னத்துப் புகையிலையையும் ஒரே நாளில் நிறுத்த ஒரு தேதியும் குறித்தார். எல்லாம் பத்து நிமிஷம்.

பத்து நிமிஷப் பேச்சால் என்ன ஆகும் என்று எனக்கும் அவநம்பிக்கைதான். லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்பவர் 28 டாக்டர்களைக் கொண்டு இதைச் சோதித்து 1979-ல் வெளியிட்டார். இரண்டொரு நிமிஷம் புத்தி சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, மறுபடி விசாரிப்போம் என்றும் சொல்லி அனுப்பியவர்களில், ஒரு வருஷம் தொடாமலிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர். ஐந்துதானா என்று உதடு பிதுக்காதீர்கள். அந்தத் தேசத்து டாக்டர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் செலவழித்தால் வருஷத்துக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் விடுவார்கள் என்று ரஸ்ஸல் கணக்குப் போட்டார். நம் தேசத்தில் 2002-ல்தான் இதற்கென்று 13 சிகிச்சை நிலையங்கள் வைத்தார்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றில் ஒன்று. 2016-ல் தொலைபேசியிலேயே ஆலோசனை சொல்லும் ஏற்பாடும் வந்தது. தாமதந்தான், ஆனாலும் வந்தது.

மாமா மூன்று மாதம் தாக்குப் பிடித்தார். பிறகு ஒரு கல்யாணப் பந்தலில் யாரோ நீட்ட, வாங்கிவிட்டார். வெட்கப்பட்டு டாக்டர் பக்கமே போகவில்லை. நான்தான் இழுத்துப் போனேன். திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றார்.

"பரவாயில்லை. அந்த மூணு மாசம் எப்படி இருந்தீங்கன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர். புதுத் தேதி குறித்தார்.

போன வாரம் முசரவாக்கம் போயிருந்தேன். மாமா தறியிலிருந்து எழுந்து திண்ணைக்கு வந்தார். கை பழக்கத்தில் இடுப்பு மடியைத் துழாவிவிட்டுத் திரும்பியது.

"அந்த நூத்துக்கு அஞ்சு பேரிலே நானும் சேர்த்தியாடா?" என்றார்.

வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது.