நடுக்குவாதமும் கஞ்சாவும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கலான நோய்க்கு முறையான முதல் விளக்கமாக அந்நூல் கருதப்படுகிறது. நோயின் இயல்பு புலப்பட்ட பின்னரும் அதற்குரிய மருந்து நெடுங்காலம் புலப்படவில்லை. அக்காலத்தில் முயன்று பார்க்கப்பட்ட மருந்துகளுள் கஞ்சாவும் ஒன்று.

கஞ்சாவை மேலை மருத்துவத்தில் பரவச் செய்தவர் கல்கத்தாவில் பணியாற்றிய வில்லியம் ஓஷாக்னசி ஆவார். இந்தியாவில் வழங்கிய பயன்பாடுகளை அறிந்து, விலங்குகளிடத்தும் நோயாளிகளிடத்தும் சோதித்து, 1839இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ரணஜன்னியில் தோன்றும் தசை இசிவு கஞ்சாவால் தணிந்ததென அவர் பதிவுசெய்தார். அதன்பின் கஞ்சாச் சாறு ஐரோப்பிய மருந்தகங்களில் இடம்பெற்றது. 1888இல் நரம்பியல் அறிஞர் வில்லியம் கவர்ஸ், நடுக்குவாதத்தின் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளுள் இந்தியக் கஞ்சாவையும் தம் கையேட்டில் சுட்டினார். எனினும் அது மருத்துவர் ஒருவரின் பட்டறிவேயன்றி ஒப்பீட்டு ஆய்வின் முடிவன்று.

கஞ்சாவின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. சாற்றின் வீரியம் ஒரே சீராக அமையவில்லை. நீரில் கரையாமையால் அதனை ஊசிவழிச் செலுத்தவும் இயலவில்லை. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை அதனைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. 1932இல் பிரித்தானிய மருந்து நூலான பிரிட்டிஷ் பார்மகோபியாவிலிருந்தும் அது நீக்கப்பட்டது. நடுக்குவாதத்தைப் பொறுத்தவரை, பயனற்றதென நிறுவப்பட்டு அது விலக்கப்படவில்லை; முறையாக ஆராயப்படுமுன்னரே வழக்கொழிந்தது. 1960களில் லெவோடோபா அந்நோயின் முதன்மை மருந்தாயிற்று.

1964இல் கஞ்சாவின் போதைதரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யைக் கவோனியும் மெக்கூலமும் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். அப்பொருள் செயற்படும் ஏற்பிகள் மூளையில் உள்ளமை 1980களின் இறுதியில் கண்டறியப்பட்டது. உடலசைவை நெறிப்படுத்தும் அடித்தள நரம்புமுடிச்சுகளில் அவை மிகுந்துள்ளமையால் பழைய வினா மீண்டும் எழுந்தது. ஆயினும் 1990இல் வெளியான, ஐவரிடம் நிகழ்ந்த சிறு ஆய்வில் கஞ்சாப் புகையால் நடுக்கம் குறையவில்லை. லெவோடோபாவால் விளையும் கட்டுக்கடங்கா அசைவுகளுக்குக் கஞ்சாச் சாறு பயன்படுமா என 19 நோயாளிகளிடம் ஆராய்ந்த 2004ஆம் ஆண்டு ஆய்விலும், மருந்துப்போலியைவிட அது மேம்பட்டதாகத் தெரியவில்லை. அதே ஆண்டில் வெளியான பிராகு நகரக் கணக்கெடுப்போ வேறுபட்ட செய்தியைத் தந்தது. விடையளித்த 339 பேரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் நலம் கண்டதாகக் கூறினர்.

நோயாளி உணரும் நலனும் ஆய்வில் அளக்கப்படும் நலனும் வேறுபடுவதே இவ்வரலாறு காட்டும் சிக்கலாகும். கவர்ஸின் பதிவும் பிராகு நோயாளிகளின் கூற்றும் ஆராயத்தக்க வினாவை முன்வைக்கின்றன. அவற்றையே விடையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாறே, சட்டத்தின் தடையை மருத்துவ மறுப்பாகக் கொள்ளுதலும் பொருந்தாது.