வெப்ப அலை: எப்போது அறிவிக்கப்படுகிறது? உயிரைக் காக்கும் முதலுதவி என்ன? - முழு விவரம்

புதுதில்லி: குஜராத் மாநிலம் அகமதாபாதில் 2010-ஆம் ஆண்டு மே மாதம் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த மாதத்தில் வழக்கத்தைக் காட்டிலும் 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தது பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் தெரியவந்தது. புயல், வெள்ளம் போன்று கண்ணுக்குத் தெரியும் சேதம் எதையும் வெப்பம் விட்டுச் செல்வதில்லை. இறப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அதன் தீவிரம் புலப்படுகிறது.

நாட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் வெப்ப அலை வீசுவது வழக்கம். மே மாதத்தில் அது உச்சத்தை எட்டுகிறது. இந்த இறப்புகளில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை என்பதால், வெப்ப அலை குறித்த அடிப்படைத் தகவல்களை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

வெப்ப அலை என்பது என்ன?

சமவெளிப் பகுதிகளில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்தால், இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலையாகக் கருதுகிறது. இயல்பைவிட 6.4 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் அது கடுமையான வெப்ப அலை. இயல்பு நிலை எதுவாக இருப்பினும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை. 47 டிகிரியைத் தொட்டால் கடுமையான வெப்ப அலை.

கடலோரப் பகுதிகளுக்கு 37 டிகிரியும், மலைப் பகுதிகளுக்கு 30 டிகிரியும் தொடக்க அளவுகளாகக் கொள்ளப்படுகின்றன. எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்களில் விடுக்கப்படுகின்றன. இவற்றில் சிவப்பு நிறம் மிகக் கடுமையான நிலையைக் குறிக்கும்.

வானிலை அறிக்கையில் கூறப்படும் வெப்பநிலை நிழலில் அளவிடப்படுவதாகும். நேரடி வெயிலில் பணிபுரிவோர் அதைவிடக் கூடுதலான வெப்பத்துக்கு உள்ளாகின்றனர்.

உடலில் நிகழ்வது என்ன?

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்ச்சியடைகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. எனவே, கடலோர நகரங்களில் குறைந்த வெப்பநிலையும் ஆபத்தாக அமையக்கூடும்.

முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயம் மற்றும் சிறுநீரக நோயாளிகள், கட்டுமானத் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், தெருவோர வியாபாரிகள், தகரக் கூரை வீடுகளில் வசிப்போர் ஆகியோருக்குப் பாதிப்பு அதிகம். இரவிலும் வெப்பம் தணியாவிட்டால், பகலில் களைத்த உடலுக்கு மீள்வதற்கான அவகாசம் கிடைப்பதில்லை.

சோர்வும் ஆபத்தும்

அதிக வியர்வை, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். நிழலில் ஓய்வெடுத்து, நீர் அருந்தினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து, மனக்குழப்பம், உளறல், தள்ளாட்டம், வலிப்பு அல்லது மயக்கம் ஏற்பட்டால், அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதமாகும். இது உயிருக்கு ஆபத்தானது. வெயிலில் உளறியபடி தள்ளாடுபவரை மது அருந்தியவர் எனக் கருதிக் கடந்து செல்வது, அவரது உயிரையே பறித்துவிடக்கூடும். வியர்வை இருந்தாலும் வெப்பவாதம் ஏற்படலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

* 108 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

* பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டு சென்று, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி அல்லது ஈரத்துணியை வைக்கலாம்.

* சுயநினைவின்றி அல்லது குழப்பத்தில் இருப்பவருக்கு வாய் வழியாக எதையும் புகட்டக் கூடாது.

* காய்ச்சலுக்கான பாராசிட்டமால் மாத்திரை இதற்குப் பயன் தராது.

தற்காத்துக் கொள்வது எப்படி?

நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் செல்வதைத் தவிர்க்குமாறு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி நீர் அருந்த வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, லஸ்ஸி, கஞ்சித் தண்ணீர் ஆகியவை நல்லது. மதுவைத் தவிர்க்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பயன்படுத்தலாம். தேக்கரண்டி அளவு தலைதட்டியதாக இருக்க வேண்டும். நீர் அருந்துவதில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ள நோயாளிகள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

பகலில் திரைச்சீலைகளை மூடி, இரவில் சன்னல்களைத் திறந்து வைக்கலாம். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால், மின்விசிறி மட்டும் போதாது. அது வெப்பக்காற்றையே உடல் மீது வீசும். ஆகவே ஈரத்துணியால் உடலைத் துடைப்பது அவசியம். நிறுத்தி வைக்கப்பட்ட வாகனத்தில் குழந்தைகளைச் சில நிமிடங்கள்கூட விட்டுச் செல்லக் கூடாது.

அகமதாபாத் காட்டிய வழி

2010-ஆம் ஆண்டின் பாதிப்பைத் தொடர்ந்து, தெற்காசியாவின் முதல் வெப்பத் தடுப்புச் செயல் திட்டத்தை அகமதாபாத் மாநகராட்சி 2013-இல் தொடங்கியது. முன்னெச்சரிக்கைத் தகவல்கள், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர் மையங்கள் ஆகியவை இத்திட்டத்தில் இடம்பெற்றன. நகரில் உள்ள மருத்துவமனை ஒன்றில், வெயில் தாக்கும் மேல்தளத்தில் இருந்த பச்சிளங்குழந்தைகளுக்கான பிரிவு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. இத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிற நகரங்களும் மாநிலங்களும் இதைப் பின்பற்றித் தங்களுக்கான திட்டங்களை வகுத்துள்ளன.

அரசின் எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றடைய அக்கம்பக்கத்தினரின் அக்கறையும் தேவை. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாள்களில், தனியாக வசிக்கும் முதியவர்களின் நலத்தைக் காலையிலும் மாலையிலும் விசாரித்து அறிவது ஓர் உயிரைக் காக்க உதவும்.