மாயக்காரர் யார்?

சண்டே கிளாஸில் எங்க தெருப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த சொல் 'மாயக்காரர்'. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு திரும்பத் திரும்பச் சொல்லித் திட்டுகிற சொல். பனங்கிழங்கைப் பங்கு வைக்கையில் ஏமாத்துறவனைக்கூட 'போடா மாயக்காரா' என்றுதான் வைவோம். எம்.ஏ. படிக்கப் போன பிறகுதான் ஆங்கிலத்தில் இது 'ஹிப்போக்ரிட்' என்று தெரிந்தது. அந்தச் சொல்லின் கதையைத் தேடிப் போனபோது எனக்குக் கோபந்தான் வந்தது.

ஏன்னா, பழைய கிரேக்கத்தில் அது வசையே இல்லை. ஏதென்ஸ் நாடக மேடையில் முகமூடி போட்டு நடித்தவருக்கான தொழில்பெயர். பின்னால் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சுவிசேஷங்கள்தான், ஊர் பார்க்கத் தெருமுனையில் நின்று ஜெபிக்கிறவர்மேல் அதை எறிந்தன. லத்தீன், பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நடிகர் காணாமல்போய், வசை மட்டும் நின்றது. நம்ம கதையும் அதுதானே? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது. 'கூத்தாடி' என்பதும் இங்கே வசைதான். ஆனால் கூத்தில் வேஷம் கட்டுறவர் வேஷம் என்று சொல்லித்தான் கட்டுகிறார். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிடுகிறார். இதுதான் என் மூஞ்சி என்று சாதிக்கிறவரை அல்லவா நாம் பேச வேண்டும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. சொன்னபடி நடக்க முடியாமல் தவறுகிற எல்லாரும் ஹிப்போக்ரிட் இல்லை. இதை 1750இலேயே சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். நல்லதை மனதார நம்பியும் அதன்படி வாழ முடியாதவரை அப்படிச் சொல்வது அநியாயம் என்றார். 'நீ மட்டும் யோக்கியமா?' என்று கேட்டு நம் வாயை அடைக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் வேண்டியதில்லை.

இந்தச் சொல்லை உள்ளபடி கையிலெடுத்தவர் பிரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய எசமான் தாமஸ் ஆல்ட் 1832 ஆகஸ்டில் ஒரு மெத்தடிஸ்ட் கூட்டத்தில் மனந்திரும்பினார். இனியாவது அடிமைகளை விடுதலை செய்வார், இல்லாவிட்டால் கொஞ்சம் இரக்கமாவது காட்டுவார் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். நடந்தது வேறு. காலையிலும் இரவிலும் ஜெபம். கொடுமையோ முன்னைவிட அதிகம். கை ஊனமான ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்துவிட்டு, அதை நியாயப்படுத்த வேதவசனம் சொன்னாராம் ஆல்ட். 1838இல் தப்பித்த டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில் அதே மத்தேயு 23ஐ அடிமை வைத்திருந்த சபைகளுக்கு எதிராகத் திருப்பினார். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில், வெள்ளையரின் சுதந்திரதின விழாவையும் அதே சொல்லால் அடித்தார்.

எனக்கு ஒரு கேள்வி. ஆல்ட் நிஜமாகவே விசுவாசித்திருந்தால்? கண்ணீரோடு ஜெபித்திருந்தால்? அப்போது அவர் ஹிப்போக்ரிட் இல்லையென்று ஆகிவிடுமா? உள்ளத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு என்றால் ஆண்டைகள் எல்லாரும் தப்பித்துவிடலாம். டக்ளஸ் உள்ளத்தைத் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் முதுகைக் காட்டினார். சொல்லின் எடையே அதோடு மாறிப்போனது.

எங்களுக்கு 'மாயக்காரர்' அதிகாரத்தை மனப்பாடம் பண்ண வைத்த உபதேசியார் ஜெபிக்கும்போது நிஜமாகவே அழுவார். எங்க பாட்டி செத்த அன்றும் அழுதார். அழுதுகொண்டேதான் கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப்பக்கம், ஓடையோரம் குழி வெட்டச் சொன்னார். 'அதுதான்யா உங்க இடம்' என்றார், ரொம்ப மரியாதையாக.

அவர் மனசில் என்ன இருந்ததோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும். பாட்டி எங்கே கிடக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.