ஒளியே கோலாயிற்று

கோல் கோடாதிருத்தலை அரசர்க்கு அழகாகக் கூறினர் நம் முன்னோர். அளக்கும் கோலுக்கும் அழகு அதுவே. கோடாத கோலொன்றை மாந்தர் தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

சாணும் முழமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே பிரெஞ்சு அறிஞர்கள் நிலவுலகையே அளவாகக் கொள்ள விழைந்தனர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என 1791இல் வகுத்தனர். டன்கர்க் முதல் பார்சலோனா வரை ஆண்டுக்கணக்கில் அளந்து, 1799இல் பிளாட்டினக் கோலொன்றைச் சமைத்தனர். அக்கோலோ, கருதிய அளவினும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. எனினும் அதுவே மீட்டர் என நிலைபெற்றது.

உலோகக் கோல் அழியவும் கூடும். 1834இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் மூண்ட தீ, ஆங்கிலேயரின் கெசக்கோலைப் பாழாக்கிற்று.

சுவீடன் நாட்டு அறிஞர் ஆங்ஸ்ட்ராம், கதிரவன் ஒளியின் நிறமாலையில் ஏறத்தாழ ஆயிரம் கோடுகளின் அலைநீளங்களை அளந்து 1868இல் வெளியிட்டார். மீட்டரில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு அவர் கையாண்ட அலகு. பின்னர் அது அவர் பெயரையே பெற்றது. ஆயினும் அவர்தம் எண்கள் ஏழாயிரம் அல்லது எண்ணாயிரத்தில் ஒரு பங்கு பிழைபட்டிருந்தன. காரணம், அவர் நம்பிய மீட்டர்க்கோல் சற்றே குறுகியிருந்தது. ஒளி கோடவில்லை, கோலே கோடிற்று!

ஒளியின் அலைநீளத்தையே அளவாகக் கொள்ளலாம் என 1870இல் மாக்சுவெல் எடுத்துரைத்தார். அதனைச் செய்து காட்டியவர் அமெரிக்கரான மைக்கல்சன். ஓர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து மீண்டும் இணைத்தால், ஒளியும் இருளுமாய்ப் பட்டைகள் தோன்றும். ஆடியை நகர்த்தப் பட்டைகளும் நகரும். அவற்றை எண்ணினால் நகர்ந்த தொலைவை அலைநீளங்களிற் கூறலாம். பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ர் நகரில் 1892-93இல் அவர் இம்முறையைக் கையாண்டு, ஒரு மீட்டரில் காட்மியச் செவ்வொளியின் 15,53,163.5 அலைநீளங்கள் அடங்கும் எனக் கண்டார்.

1960இல் உலோகக் கோல் தன் அரியணையை இழந்தது. கிரிப்டான்-86 தரும் ஒளியின் 16,50,763.73 அலைநீளங்களே மீட்டர் என உலக நாடுகள் ஏற்றன. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டராயிற்று.

இன்று தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணும் நம் நாட்டு மீட்டருக்கும் லேசர் ஒளியே அடிப்படை. ஒருகாலத்தில் கோல் கொண்டு ஒளியை அளந்தோம். இன்று ஒளி கொண்டு கோலை அளக்கின்றோம். தீயில் வேகாத, எந்நாட்டார்க்கும் பொதுவான கோலொன்று நமக்கு வாய்த்தது.