வினா கேட்கத் தெரியாத விமானம்: டைகர் மாத்தும் வானொலியும்

இந்திய வான்பயண வரலாற்றில் 1932ஆம் ஆண்டின் அக்டோபர் மாதம் தனித்து நிற்பது. அம்மாதம் 8ஆம் நாள் இந்திய விமானப்படை முறையாக நிறுவப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா அஞ்சல் மூட்டையுடன் ‘பஸ் மாத்’ என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கராச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹூ திடலில் வந்திறங்கினார். அங்கிருந்து அஞ்சலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டு சேர்த்தார். இந்திய வணிக வான்போக்குவரத்தின் பிறப்பாக இப்பயணம் பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவ்விமானத்தில் வானொலி இல்லை என்ற செய்தியை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தொடரில் கடந்துவிடுகின்றனர். விமானியின் துணிவுக்குச் சான்றாக மட்டுமே அது பயன்படுகிறது. அந்த இன்மை எத்தகைய வானத்தைக் குறித்தது என்பதே கேட்கப்பட வேண்டியது.

வானொலி இல்லாத வானம் மொழி இல்லாத வானமாக இருக்கவில்லை. அதற்கென ஒரு குறிமுறை இருந்தது. காற்றுப்பை காற்றின் திசையைச் சொன்னது. தரையில் வரையப்பட்ட சதுரத்துக்குள் வைக்கப்பட்ட அடையாளங்கள் ஓடுபாதையின் நிலையைச் சொல்லின. கோபுரத்திலிருந்து வீசப்படும் நிலையான பச்சை ஒளிக்குத் தரையிறங்கலாம் என்று பொருள். நிலையான சிவப்புக்கு, பிற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று பொருள். விட்டுவிட்டு எரியும் சிவப்புக்கு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்க வேண்டாம் என்று பொருள். விமானி இறக்கைகளை இருபுறமும் அசைத்துப் ‘புரிந்தது’ என்பார். வானொலி பழுதுபடும் வேளைக்கென இவ்வொளிக்குறிகள் இன்றும் பன்னாட்டு விதிகளில் இடம்பெற்றுள்ளன.

மொழியியல் நோக்கில் இக்குறிமுறையின் குறை தெளிவானது. இதில் ஏவல் உண்டு, தடை உண்டு, உடன்பாடு உண்டு; வினா இல்லை. ஆபத்தில் சிக்கிய விமானி ஒளிக்குண்டு எறிந்து தன் நிலையை அறிவிக்கலாம். ஆனால் ‘எங்கே இருக்கிறேன்?’ என்றோ ‘எனக்குமுன் இறங்குபவர் யார்?’ என்றோ அவரால் கேட்க இயலாது. எனவே விடைகளை அவர் ஆற்றின் வளைவிலும் இருப்புப்பாதையிலும் கடற்கரைக் கோட்டிலும் தாமே தேடிக்கொண்டார்.

வானொலி அப்போது கண்டுபிடிக்கப்படாதிருந்தது என்று கருதுவது பிழை. 1910ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் மெக்கர்டி அமெரிக்காவில் விமானத்திலிருந்து தந்திச் செய்தி அனுப்பிக் காட்டினார். முதல் உலகப்போரில் பீரங்கிகளுக்கு இலக்குச் சொன்ன விமானங்கள், நுனியில் ஈயக்குண்டு கட்டிய நீண்ட கம்பியை வானில் தொங்கவிட்டு அதையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தின. தரையிறங்குமுன் அக்கம்பியைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றோட்டத்தில் சுழலும் சிறு மின்னாக்கி தந்தது. இவ்வளவு பாரமும் சிக்கலும் பெரிய விமானங்களுக்கே ஏற்றவை. சுமையின் ஒவ்வொரு கிலோவையும் எண்ண வேண்டிய சிறு விமானம் மௌனத்தையே தேர்ந்துகொண்டது.

அம்மௌனத்தின் சிறந்த எடுத்துக்காட்டு டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் டைகர் மாத். 1931 அக்டோபரில் முதலில் பறந்த இந்த ஈரடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம் 8,000க்கும் அதிகமான எண்ணிக்கையில் கட்டப்பட்டது. இந்திய விமானிகளின் தலைமுறைகள் சில இதில்தான் பறக்கக் கற்றன. திறந்த இருக்கைகளில் முன்னும் பின்னுமாக அமர்ந்த ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ள அதில் இருந்தது ‘காஸ்போர்ட் குழாய்’ எனப்படும் பேச்சுக்குழாய். முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் உருவானதால் அப்பெயர். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் தலைக்கவசத்தின் காதுப்பகுதிவரை நீளும் இக்குழாயில் மின்சாரம் என்பதே கிடையாது. ஆக, விமானத்துக்குள் குரல் இருந்தது. விமானத்துக்கும் தரைக்கும் இடையேதான் குரல் இல்லை.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. மீஉயர் அதிர்வெண் வானொலி சிறிதாகி, உறுதியாகி, பொதுவழக்காயிற்று. இன்று உலகெங்கும் பொது விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், வீச்சுப் பண்பேற்ற முறையிலேயே நிகழ்கிறது. தெளிவான ஒலி தரும் அதிர்வெண் பண்பேற்றம் இருந்தும் பழைய முறை கைவிடப்படாததற்குக் காரணம் உண்டு. அதிர்வெண் பண்பேற்றத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும். அடுத்தவர் பேசியதே யாருக்கும் தெரியாது. வீச்சுப் பண்பேற்றத்தில் இரண்டும் மோதிக் கீச்சிடும். யாரோ ஒருவர் குறுக்கிட்டார் என்பது கேட்போர் அனைவருக்கும் புலப்படும். குரலின் தெளிவைவிட, எவர் குரலும் மறையாமையே இங்கு முதன்மை பெற்றது.

பொதுவெளியாகிவிட்ட அக்குரலுக்கு இலக்கணமும் வேண்டியிருந்தது. 1940களின் இறுதியில் மாண்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான் பால் வினே, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோர் மூவருக்கும் இரைச்சலில் குழப்பமின்றிக் கேட்கக்கூடிய எழுத்துப்பெயர்களைத் தேடும் பணியில் பன்னாட்டுப் பொது வான்போக்குவரத்து அமைப்புடன் இணைந்தார். அத்தேடலின் முடிவே 1956 மார்ச் 1 முதல் வழக்கிலுள்ள ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ வரிசை.

2012ஆம் ஆண்டில் இந்திய விமானப்படை தன் 80ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, சீரமைக்கப்பட்ட ஒரு டைகர் மாத் தில்லியை அடுத்த ஹிண்டன் தளத்தில் பார்வையாளர்முன் பறந்தது. ஒளிக்குறிகளின் காலத்தில் பிறந்த பொறி, நாட்டின் மிக நெரிசலான வான்வெளிகளுள் ஒன்றின் அருகே பறந்த காட்சி அது. இத்தகைய விமானம் எதுவும் இன்று கட்டுப்பாட்டு வான்வெளியில் இடம்பெற வேண்டுமாயின், பேசக் கற்றாக வேண்டும். அவ்வாறு கற்பிப்பது எளிதன்று.

முதல் தடை மின்சாரம். டைகர் மாத்தின் எஞ்சின் கையால் புரொப்பெல்லரைச் சுழற்றித் தொடங்கப்படுவது. அடிப்படை வடிவில் அதற்குப் பேட்டரியே தேவையில்லை. எனவே தனி பேட்டரி பொருத்தப்படுகிறது. கேட்பதற்கு ஆகும் மின்சாரத்தைவிடப் பேசுவதற்குப் பல மடங்கு ஆவதால், பேட்டரியின் ஆயுள் விமானி எவ்வளவு பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. அப்பேட்டரியைப் பின்பகுதியில் வைத்தால் ஈர்ப்பு மையம் பின்னகரும். ஆகவே விமானத்தை மீண்டும் எடைபோட்டுக் கணக்கிட வேண்டும். புதிய கம்பிகளும் கருவியும் திசைகாட்டியின் முள்ளை இழுக்கக்கூடும். அதையும் திசைதோறும் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் தடை ஆன்டெனா. இவ்வலைநீளத்தில் கால் அலை ஆன்டெனாவின் உயரம் சுமார் 60 செ.மீ. அது செவ்வனே இயங்க அதன் அடியில் உலோகப் பரப்பு வேண்டும். டைகர் மாத்தின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டகம்; இறக்கைகள் மரம்; போர்வையோ பெரும்பாலும் துணி. ஆதலால் துணிக்கு உள்ளே செப்புத் தகடோ அலுமினியத் தகடோ பரப்பி, இல்லாத தரையை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் தடையே மிகக் கடியது. நான்கு உருளைகளும் எட்டு ஸ்பார்க் பிளக்குகளும் கொண்ட ஜிப்சி மேஜர் எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோக்கள் பொறியூட்டுகின்றன. ஒவ்வொரு பொறியும் தன்னளவில் ஒரு சிறு வானொலி நிலையம். வீச்சுப் பண்பேற்றக் கருவி அதையும் பேச்சாகவே ஏற்றுக்கொள்வதால், விமானியின் காதில் கோபுரத்தின் குரலுக்குப் பதில் படபடப்பே கேட்கும். தீர்வு, கம்பிகள் அனைத்தையும் உலோக வலையுறையால் மூடுவது. மேக்னெட்டோவின் நிறுத்தக் கம்பியும் இதில் அடங்கும். இங்கேதான் உயிர் சார்ந்த இடர் இருக்கிறது. மேக்னெட்டோவை அணைப்பது என்பது அதை உடற்சட்டத்துடன் இணைப்பது. அக்கம்பி வேலையின்போது அறுந்தாலோ தளர்ந்தாலோ, சாவி ‘அணை’ என்ற இடத்தில் நின்றாலும் மேக்னெட்டோ உயிருடனேயே இருக்கும். அறியாமல் புரொப்பெல்லரைத் தொட்டுத் திருப்பும் கை அதற்கு விலைகொடுக்க நேரும். இரைச்சலை நீக்கச் செய்த வேலை மறைவான இடரை விதைத்துவிடக்கூடும் என்பதால், வானொலி பொருத்தியபின் முதலில் சோதிக்க வேண்டியது வானொலியை அன்று, அந்த அணைப்பியை.

வரலாற்றைப் பேணுவோர்முன் இன்னொரு வினாவும் நிற்கிறது. 1930களின் விமானத்தில் இக்காலக் கருவியைப் பதித்தால் அது பழைய விமானமாகவே எஞ்சுமா? ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்களின் நெறி இங்கு வழிகாட்டும். நல்ல பதிப்பாளர் சிதைந்த இடத்தைத் தம் ஊகத்தால் நிரப்பும்போது அதை அடையாளமிட்டுக் காட்டுவார்; மூலத்தின்மேல் எழுதிவிடமாட்டார். அவ்வாறே, பழைய கருவிப்பலகையில் புதுத் துளை இடாமல், கழற்றக்கூடிய சட்டத்தில் வானொலியை வைத்து, செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் விமானத்தின் பதிவேட்டில் எழுதிவைப்பதே நேர்மையான முறை. காஸ்போர்ட் குழாயையும் அகற்றி எறிய வேண்டியதில்லை. அது அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கான மூலபாடம்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் மௌனமாக இருக்கலாம். அதனால் எவருக்கும் கேடில்லை. பறக்கும் விமானத்தின் மௌனம் அதே வான்வெளியைப் பகிரும் பிறரையும் இடருக்கு உள்ளாக்கும். 1932ஆம் ஆண்டின் வானத்தில் ஒரு சிறு விமானம் எதிர்ப்பட்டவரைக் கண்ணால் கண்டு விலகியது. இன்றைய வானத்தில் கண்ணுக்குத் தெரியுமுன்னரே கேட்டாக வேண்டும். டைகர் மாத்தில் வைக்கப்படும் அச்சிறு பெட்டி, அதன் பழமையைக் குறைப்பதில்லை. அது பிறந்தபோது எவரிடமும் கேட்க முடியாதிருந்த வினாவை இப்போது கேட்கும் வாய்ப்பைத் தருகிறது.